முனியாண்டி அண்ணனின் வயிற்றுப் பட்டன்

1. கைலி முடிச்சு

"சிஸ்டர், டியூப்பு கைலிக்குள்ள மாட்டிக்கிச்சு! அவரு அசையமாட்டேங்கிறாரு, என்னையும் தொடவிடமாட்டேங்கிறாரு. சீக்கிரம் வாங்க லா!"

பிரிக்பீல்ட்ஸ் ஆபீஸில் காலைத் தோசையைப் பிய்த்து வாயில் வைத்த நேரத்தில் கிள்ளானிலிருந்து இந்த போன் வந்தது. பேசியவர் பார்வதி அக்கா. அசையாமல் நின்றவர் அவர் கணவர் முனியாண்டி அண்ணன், வேலையிலிருந்து ஓய்வு பெற்ற லோரி டிரைவர். நான் அப்போது ஒரு ஹோம் கேர் கம்பெனியில் சீனியர் நர்ஸ். டியூப் வைத்த நோயாளிகளை வீடு வீடாகப் போய்ப் பார்ப்பது என் வேலை. இப்போது நானும் ஓய்வு பெற்றுவிட்டேன். புதிதாக வரும் நர்ஸ் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று கம்பெனியில் கேட்டார்கள். வயிற்று டியூப்பை எப்படிப் பார்த்துக்கொள்வது என்று மேனுவலில் தெளிவாகவே இருக்கிறது. முனியாண்டி அண்ணனைப் பற்றித்தான் அதில் ஒரு வரிகூட இல்லை. அந்தக் குறையை நான் தீர்த்து வைக்கிறேன்.

தொண்டையில் ஆபரேஷன் ஆனதிலிருந்து அண்ணனால் எதையும் விழுங்க முடியாது. குரல் கரகரத்துப்போனது, பேச்சு மட்டும் குறையவில்லை. வயிற்றின் இடது பக்கம் சின்னத் துளை போட்டு, நேராக இரைப்பைக்குள் டியூப் வைத்திருந்தார்கள். பால் எல்லாம் அதன் வழியாகத்தான் போகும். அந்த டியூப் வெளியே ஒரு முழத்துக்குத் தொங்கும். அதை வயிற்றோடு சேர்த்து டேப் போட்டு ஒட்டச் சொல்லியிருந்தேன். டேப் அரிக்கிறது என்று அண்ணன் அதைச் சுருட்டிக் கைலி மடிப்பில் செருகிக்கொண்டார். லோரி ஓட்டிய காலத்தில் சிகரெட் பெட்டியை அங்கேதான் செருகுவாராம்.

நான் போய்ச் சேர்ந்தபோது அவர் ஹாலின் நடுவில் கைலியை இரண்டு கையாலும் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தார். வழக்கம்போல அவிழ்த்து, உதறி, இழுத்துக் கட்டியிருக்கிறார். டியூப்பும் சேர்ந்து முடிச்சுக்குள் போய்விட்டது. மூடி கழன்று காலைப் பால் முழுவதும் முழங்கால் வழியாக வழிந்துகொண்டிருந்தது. சோபாவில் ஒருவர் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"மச்சான், அவுத்தா மானம் போவும், அவுக்காட்டி டியூப்பு போவும். எது வேணும்னு சீக்கிரம் சொல்லு லா."

அவர் ராஜேந்திரன், பார்வதி அக்காவின் கூடப் பிறந்தவர். இவரும் அண்ணனும் ஒரே பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சு. அன்றிலிருந்தே போட்டி. ராஜேந்திரன் அண்ணே தினமும் ஷா ஆலம் போய் ஏரியைச் சுற்றி நடப்பவர், ஒல்லியான ஆள். தன் கல்யாணத்துக்கு எடுத்த இடுப்பு பெல்ட் இன்றைக்கும் சரியாக இருக்கிறது என்று கேட்காதவர்களிடமும் சொல்லுவார். முனியாண்டி அண்ணனுக்கு வாலிபத்திலிருந்தே தொப்பை. நோய் வந்து இளைத்தபோதுதான் முதல்முதலாகத் தொப்பை போனது. அதில் மட்டும் அவருக்கு ஒரு பெருமை.

முடிச்சை மெதுவாக அவிழ்த்து டியூப்பை விடுவித்தேன். துளைக்கு ஒன்றும் ஆகவில்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சிஸ்டர், இந்த வாலு எனக்கு வேணாம். எங்க மக ஷர்மினிக்குக் கல்யாணம் வருது. எங்க கோயில் ஐயரு சட்டையைக் கழட்டச் சொல்லுவாரு. வெறும் உடம்புல இதைத் தொங்கவிட்டுக்கிட்டு மணவறையில எப்படி உக்காருவேன்? அப்பனால முடியலைன்னா தாய்மாமனும் அவன் சம்சாரமும் தாரை வாத்துக் குடுக்கலாம்னு ஐயரு சொல்லிட்டாரு."

"நான் ரெடி. வேட்டியை அயர்ன் பண்ணிட்டேன்" என்றார் தாய்மாமன் சோபாவிலிருந்து.

அண்ணன் அவரைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "தியேட்டருக்குள்ள தள்ளிக்கிட்டுப் போறப்ப ஒண்ணுதான் கேட்டேன் சிஸ்டர். புள்ளையை என் கையால புடிச்சுக் குடுக்குற வரைக்கும் விட்டு வைன்னு. சாமி விட்டு வச்சிருச்சு. இப்ப போயி இவன் கையால குடுக்கவா?"

நான் கத்தோலிக்கப் பெண். எங்கள் வீட்டுக் கல்யாணங்களில் அப்பா கோட்டு மாட்டிக்கொண்டு மகளோடு நடந்தால் போதும், வயிற்றை யாரும் பார்க்கமாட்டார்கள். இவருக்கு அந்த வசதி இல்லை. அன்றைக்கே டாக்டருக்கு போன் போட்டேன்.

2. அளவு எடுத்தது

துளை நன்றாக ஆறிவிட்டது, இனி பட்டன் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னார். பட்டன் என்றால் வயிற்றுத் தோலோடு ஒட்டினாற்போல் உட்காரும் குட்டி டியூப். வெளியே தெரிவது சட்டைப் பொத்தானைவிடக் கொஞ்சம் பெரிய மூடி மட்டும்தான். பால் கொடுக்கும்போது தனியாக ஒரு எக்ஸ்டென்ஷன் டியூப்பை மாட்டித் திருப்ப வேண்டும். முடிந்ததும் தண்ணீர் விட்டு ஃப்ளஷ் செய்து, அதைக் கழற்றி, மூடியை மூடிவிடலாம். அதன்மேல் கைலி கட்டலாம், பட்டு வேட்டியும் கட்டலாம்.

இதில் இரண்டு வகை. உள்ளே குட்டிப் பலூன் வைத்தது ஒன்று. பலூனில் கொஞ்சம் ஸ்டெரைல் தண்ணீர் ஏற்றினால் அது உப்பி, பட்டன் வெளியே வராமல் பிடித்துக்கொள்ளும். பலூன் இல்லாத வகை அதிக நாள் உழைக்கும், ஆனால் மாற்ற ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும். பலூன் வகையைப் பழகிக்கொண்டால் வீட்டிலேயே மாற்றலாம். கழன்று விழுந்தாலும் வீட்டார் உடனே புதியதைப் போட்டுவிடலாம். இது முக்கியம், ஏனென்றால் அந்தத் துளை சும்மா விட்டால் சில மணி நேரத்திலேயே சுருங்கி மூட ஆரம்பித்துவிடும். எல்லோருமாகப் பேசிப் பலூன் வகையைத் தேர்ந்தெடுத்தோம்.

வகையை முடிவு செய்தால் போதாது, நீளமும் பார்க்க வேண்டும். தோலிலிருந்து இரைப்பைச் சுவர் வரை எவ்வளவு என்று அளக்க, கோடு போட்ட மெல்லிய குச்சி ஒன்று இருக்கிறது. படுக்க வைத்து ஒரு தடவை, உட்கார வைத்து ஒரு தடவை அளக்க வேண்டும். நீளம் குறைந்தால் பட்டன் தோலை அழுத்திப் புண்ணாக்கும். கூடினால் ஆடும், ஓரத்தில் பால் கசியும்.

டாக்டர் சீனப் பெண். வயதில் சின்னவர், தமிழ் கொஞ்சம் புரியும். படுக்க வைத்து அளந்தார். உட்கார வைத்து அளந்தார். இரண்டும் ஒரே அளவு. "வெரி குட்" என்று எழுதப் போனார். எனக்குச் சந்தேகம் வந்தது. சாதாரணமாக உட்கார்ந்தால் வயிறு மடிந்து அளவு கொஞ்சமாவது மாறும். அண்ணன் முகத்தைப் பார்த்தேன். கத்தரிக்காய் நிறத்துக்குப் போய்க்கொண்டிருந்தது.

"அண்ணே, மூச்சு விடுறீங்களா?"

அவர் வாயைத் திறக்காமல் தலையை மட்டும் ஆட்டினார்.

"அங்கிள்! மூச்சு விடு! மூச்சு விடு!" என்று டாக்டர் பதறினார்.

உஸ் என்று விட்டார். விட்ட பிறகு கொடுத்த விளக்கம் இது: "அளவு எடுக்குறப்ப வயித்தை எக்கிப் புடிக்கணும்ல சிஸ்டர்? டெய்லர் கடையில அப்படித்தானே நிப்போம்?"

இது டெய்லர் கடை இல்லை என்று தமிழில் நான் சொன்னேன், இங்கிலீஷில் டாக்டர் சொன்னார், மலாயில் அட்டெண்டர் சொன்னார். எல்லாவற்றுக்கும் சரி சரி என்றார். குச்சியை எடுத்துக்கொண்டு கிட்டே போனால் வயிறு தன்னால் உள்ளே போகிறது. முப்பது வருஷப் பழக்கம், அவர் சொல்லி வயிறு கேட்கவில்லை. கடைசியில் வெளியே உட்கார்ந்திருந்த ராஜேந்திரன் அண்ணனைக் கூப்பிட்டேன். அவர் வந்து நின்று, மச்சானின் வயிற்றை மேலும் கீழும் பார்த்தார்.

"என்னா மச்சான், வயித்தைக் காணோம்? வெளிய பெஞ்சில வச்சிட்டு வந்துட்டியா? நான் வேணா போயி எடுத்துட்டு வரவா?"

அண்ணனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வயிறு தளர்ந்து அதன் இடத்துக்கு வந்தது. "நவ், நவ்!" என்று டாக்டர் கத்த, நான் கோட்டைப் படித்தேன். அதுதான் சரியான அளவு. எக்கிப் பிடித்த அளவுக்கு வாங்கியிருந்தால் ஒரே வாரத்தில் தோல் புண்ணாகியிருக்கும்.

3. பொட்டு வைத்த பட்டன்

பட்டன் வைத்து வீட்டுக்கு வந்த அண்ணனைப் பார்வதி அக்கா வாசலிலேயே நிறுத்தி ஆரத்தி எடுத்தார். அதோடு விட்டிருக்கலாம். மறுநாள் நான் போனபோது பட்டன் மூடியில் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

"என்னாக்கா இது?"

"புது லோரி வாங்குனா வைக்கிறதில்ல? புது ஃபிரிட்ஜுக்குக்கூட வச்சோமே சிஸ்டர்."

எனக்கு வந்த கோபத்தில் சிரிப்பு கலந்துவிட்டதால் திட்டு சரியாக வரவில்லை. சந்தனம், குங்குமம், பவுடர், எண்ணெய் எதுவும் கிட்டே போகக்கூடாது. தினமும் சோப்பும் தண்ணீரும் போட்டுத் துடைத்து, ஈரமில்லாமல் காய வைத்தால் போதும். ஒரு நாளைக்கு ஒரு தடவை பட்டனை மெதுவாக ஒரு சுற்று திருப்பிப் பார்க்க வேண்டும். சுலபமாகச் சுற்ற வேண்டும், தோலுக்கும் அதற்கும் நடுவில் ஒரு காசு தடிமனுக்கு இடைவெளி இருக்க வேண்டும். சிவந்திருந்தாலோ சீழ் வந்தாலோ உடனே எனக்குச் சொல்ல வேண்டும். "பொட்டு ஃபிரிட்ஜுக்கு வேணும்ங்கிற அளவுக்கு வைங்க" என்று முடித்தேன்.

அடுத்த சனிக்கிழமை பட்டன் அடைத்துக்கொண்டது. வெதுவெதுப்பான தண்ணீரைச் சிரிஞ்சில் எடுத்து, மெதுவாகத் தள்ளுவதும் இழுப்பதுமாக வெகுநேரம் போராடினேன். கடைசியில் எக்ஸ்டென்ஷன் டியூப்பிலிருந்து கறுப்பாக ஒன்று வந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் மிளகுத் தோல்.

வீட்டில் எல்லோரும் கூரையைப் பார்த்தார்கள். ராஜேந்திரன் அண்ணே மட்டும் தன் செருப்பைப் பார்த்தார்.

"ஆட்டுக்கால் சூப்பு சிஸ்டர். வடிகட்டித்தான் குடுத்தேன். வாயாலதானே சாப்பிட முடியாது, வயிறு என்னா பாவம் பண்ணுச்சு?"

"டேஸ்டு தெரியல மச்சான், ஆனா ஏப்பம் நல்லா வந்துச்சு" என்றார் நோயாளி.

டயட்டீஷியன் சொன்னதைத் தவிர வேறெதுவும் உள்ளே போகக்கூடாது என்று இருவருக்கும் சேர்த்துப் பாட்டு விட்டேன். பிறகு ராஜேந்திரன் அண்ணனுக்குத் தண்டனையும் கொடுத்தேன். வாராவாரம் பலூன் தண்ணீரைச் சிரிஞ்சில் வெளியே எடுத்து, அளவு குறைந்திருக்கிறதா என்று பார்த்து, டாக்டர் சொன்ன அளவுக்குத் திரும்ப ஏற்றுவது இனி அவர் பொறுப்பு. உப்புத் தண்ணீர் கூடாது, காற்று கூடாது, ஸ்டெரைல் தண்ணீர் மட்டும். தொடுவதற்கு முன் கை கழுவ வேண்டும். பட்டன் கழன்று விழுந்தால் புதியதை எப்படிப் போடுவது என்பதையும் கற்றுக்கொடுத்தேன். ஸ்பேர் பட்டன், சிரிஞ்ச், தண்ணீர், ஜெல் எல்லாம் ஒரு பையில். அண்ணன் எங்கே போனாலும் அந்தப் பையும் கூடவே போக வேண்டும்.

"இவன் என் வயித்தைத் தொடுறதா?" என்று முனியாண்டி அண்ணே குதித்தார்.

"எனக்கு மட்டும் ஆசையா?" என்றார் ராஜேந்திரன் அண்ணே. ஆனாலும் ஒரு வாரம்கூடத் தவறவில்லை.

கல்யாணம் நெருங்க நெருங்க வீட்டுக்கு உறவுக்கூட்டம் வர ஆரம்பித்தது. நோயாளியைப் பார்க்க வந்துவிட்டு எதுவும் கொடுக்காமல் போக நம் ஆட்களுக்கு மனசு வராது. ஸ்ரீ கெம்பாங்கானிலிருந்து வந்த சித்தி தன் கையால் ஒரு சிரிஞ்ச் பால், பங்சாரிலிருந்து வந்த அத்தை தன் கையால் ஒரு சிரிஞ்ச் பால். டயட்டீஷியன் சொன்ன பால்தானே என்று என்னிடமே வாதாடினார்கள். அண்ணனுக்கு எடை ஏறி, தொப்பை திரும்பி வந்துவிட்டது. பட்டன் இறுகித் தோல் சிவந்தது. டாக்டர் மறுபடி அளந்து, இன்னும் நீளமான பட்டன் போட்டார். ஸ்பேரும் அதே நீளத்தில் புதிதாக வாங்கினோம்.

"சைஸ் ஏறிடுச்சா மச்சான்? பட்டு வேட்டிக்கும் டபுள் சைஸ் சொல்லிடவா?" என்று ராஜேந்திரன் அண்ணே கேட்டார்.

அன்றைக்கு முனியாண்டி அண்ணே சிரிக்கவில்லை. அதை நான் கவனித்திருக்க வேண்டும்.

4. கெட்டிமேளம்

கிள்ளானில் கல்யாண மண்டபம். ஃபெடரல் ஹைவே ஜாமில் வெந்து போய்ச் சேர்ந்தேன். அண்ணே வெறும் உடம்பில் பட்டு வேட்டியும் மாலையுமாக மணவறையில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பார்வதி அக்கா. பின்னால் தாய்மாமன், தோளில் அந்தப் பையோடு. அண்ணனின் வயிறு ஆச்சரியமாக உள்ளே போயிருந்தது. எதிரில் வீடியோ கேமரா. எனக்கு எல்லாம் புரிந்தது. இருந்தாலும் பசி. தாலி கட்ட நேரம் இருக்கிறது என்றார்கள். முதல் பந்தியில் போய் உட்கார்ந்தேன்.

பாயசத்தில் அப்பளத்தை நொறுக்கிப் போட்டுப் பிசைந்துகொண்டிருந்தேன். உறவுக்காரப் பெண் ஒருத்தி ஓடி வந்தாள். "சிஸ்டர், மாமாவோட பட்டன் வெளிய வந்துருச்சு!"

பிசைந்த கையோடு ஓடினேன். ஐயரின் மந்திரம் நீண்டுகொண்டே போனதில் அண்ணனால் வயிற்றைப் பிடித்துவைக்க முடியவில்லை. ஒரு இருமல் வர, வயிறு முன்னால் வர, பட்டன் மடியில் வந்து விழுந்திருக்கிறது. நான் போனபோது ராஜேந்திரன் அண்ணே அவரை மணவறையிலேயே மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டார். உறவுப் பெண்கள் நான்கு பேர் ஒரு பட்டுப் புடவையை விரித்துச் சுற்றிலும் மறைப்பாகப் பிடித்திருந்தார்கள். அண்ணே கண்ணை மூடிக்கொண்டு, "போச்சு, எல்லாம் போச்சு, நீயே குடுத்துரு மச்சான்" என்று முனகினார்.

"தள்ளுங்கண்ணே, நான் போடுறேன்" என்றேன்.

ராஜேந்திரன் அண்ணே என் கையைப் பார்த்தார். பாயசம் முழங்கை வரை வழிந்துகொண்டிருந்தது. "போயி கையைக் கழுவிட்டு வாங்க சிஸ்டர். கழுவாம தொடக்கூடாதுன்னு நீங்கதானே சொன்னீங்க?"

அவர் கை ஏற்கெனவே கழுவிச் சுத்தமாக இருந்தது. ஸ்பேர் பட்டனின் பலூனில் தண்ணீர் ஏற்றி, ஒழுகுகிறதா என்று பார்த்து, திரும்ப எடுத்தார். நுனியில் ஜெல் தடவினார். அழுத்தாமல், அவசரப்படாமல், நான் சொல்லிக்கொடுத்தபடியே உள்ளே விட்டார். எந்தத் தடையும் இல்லாமல் போய் உட்கார்ந்தது. பலூனில் ஏற்றுவதற்குத் தண்ணீர்ச் சிரிஞ்சைக் கேட்டுக் கையை உயர்த்தினார்.

புடவைக்கு மேலே உயர்ந்த கையை மேளக்காரர் பார்த்தார். தாய்மாமன் கை காட்டினால் தாலி என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார். கெட்டிமேளம் முழங்கியது. மண்டபம் முழுவதும் எழுந்து நின்று அட்சதையை வீசியது. அத்தனையும் புடவைக்குள் படுத்திருந்த முனியாண்டி அண்ணன்மேல் விழுந்தது. மாப்பிள்ளை பயந்துபோய் எழுந்து நின்றுவிட்டார். ஐயர், "நிறுத்துங்கோ! நிறுத்துங்கோ!" என்று கத்தியது ஒருவர் காதிலும் விழவில்லை.

ராஜேந்திரன் அண்ணே தலையில் விழுந்த அரிசியைக்கூடத் தட்டவில்லை. பட்டனை ஒரு கையால் மூடிப் பிடித்துக்கொண்டு பலூனை ஏற்றினார். எக்ஸ்டென்ஷன் டியூப்பை மாட்டி, சரியான இடத்தில்தான் இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு சிரிஞ்சால் மெதுவாக இழுத்தார். காலையில் கொடுத்த பால் வந்தது.

"பால் வந்திருச்சு! நல்ல சகுனம்!" என்று புடவை பிடித்திருந்த அத்தை குலவை போட்டார்.

நான் கை கழுவி வந்து எல்லாவற்றையும் சரிபார்த்தேன். பட்டன் சுலபமாகச் சுற்றியது. வலி இல்லை, கசிவு இல்லை, இடைவெளி சரி. எனக்கு வேலையே வைக்கவில்லை. சடங்கு முடிந்ததும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டிவிட்டுத்தான் அடுத்த பால் என்று சொன்னேன். பிறகு விழுந்த பட்டனை எடுத்துப் பார்த்தேன். பலூன் கிழியவில்லை. உள்ளே தண்ணீர்தான் பாதிக்குமேல் குறைந்திருந்தது.

"அண்ணே, தண்ணி எங்க?"

அவர் குரலைத் தாழ்த்தினார். "பலூன்ல தண்ணி நிக்கிறதாலதான் வயிறு தள்ளிக்கிட்டு நிக்குதுன்னு நெனச்சேன் சிஸ்டர். காலையில கொஞ்சம் எடுத்துட்டேன்."

எடுத்தது அரை ஸ்பூன் தண்ணீர். அதில் தொப்பை குறையும் என்று நம்பியிருக்கிறார். ராஜேந்திரன் அண்ணே சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் மச்சானைத் தூக்கி உட்கார வைத்து, மாலையைச் சரி செய்து, முடியில் இருந்த அட்சதையை ஒவ்வொன்றாக எடுத்தார்.

"வயிறு இருந்தா என்னா மச்சான்? நீ இருக்கியே, அது போதும். உக்காரு, புள்ளை காத்துக்கிட்டு இருக்கா."

புடவையை விலக்கினார்கள். முனியாண்டி அண்ணே நிமிர்ந்து உட்கார்ந்தார். இந்தத் தடவை எக்கவில்லை. தொப்பையும், அதன் ஓரத்தில் பட்டனும், கேமராவுக்கு நேராக ஜம்மென்று தெரிந்தன. ஷர்மினியின் கையை எடுத்து மாப்பிள்ளை கையில் வைத்தார். பார்வதி அக்கா சொம்பைச் சாய்த்தார். தண்ணீரின் கனத்தில் அண்ணனின் கை தாழ்ந்தது. அவர் திரும்பாமலே, "மச்சான், கையைப் புடி லா" என்றார். பின்னாலிருந்து ராஜேந்திரன் அண்ணனின் கை வந்து அடியில் தாங்கிக்கொண்டது. நான் அழுதேன். வெட்கப்படாமல் சத்தமாகவே அழுதேன்.

இதில் பாடம் என்ன என்று பிள்ளைகள் கேட்பீர்கள். ஸ்பேர் பட்டன் எப்போதும் கூடவே இருக்க வேண்டும், பலூன் தண்ணீரில் யாரும் சொந்த மூளையைக் காட்டக்கூடாது. இவை மேனுவலிலும் இருக்கின்றன. நான் சேர்ப்பது ஒன்றுதான். அளவு எடுக்கப் போகும்போது நோயாளியைத் தனியாகக் கூட்டிப் போகாதீர்கள். அவரை அதிகமாகக் கிண்டல் பண்ணுகிறவர் யார் என்று வீட்டில் விசாரித்து, அவரையும் காரில் ஏற்றிக்கொள்ளுங்கள்.